கருவிழி அறுவை சிகிச்சையா? எந்த அடுக்கு என்று முதலில் கேளுங்கள்

"கருவிழி பழுதாகிவிட்டது, மாற்று அறுவை சிகிச்சை செய்யணும்" என்று மருத்துவர் சொன்னதும் பல வீடுகளில் கண்ணையே எடுத்துவிட்டு வேறு கண் வைக்கப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கண்ணையே மாற்றிப் பார்வை தரும் அறுவை சிகிச்சை இன்னும் உலகில் எங்கும் கிடையாது. மாற்றுவது கருவிழியை மட்டும்தான். அதிலும் இப்போது பலருக்கு முழுக் கருவிழியை மாற்ற வேண்டியதில்லை. கெட்டுப்போன அடுக்கை மட்டும் எடுத்துவிட்டு அந்த அடுக்கை மட்டும் வைத்தால் போதும். சிலருக்கு எதையும் மாற்றாமல், இருப்பதை உறுதிப்படுத்தினாலே போதும்.

என் சித்திக்கு இந்தச் சிகிச்சை நடந்தபோது துணைக்குப் போனவன் நான். அங்கே வந்திருந்த பெரும்பாலோருக்குத் தங்களுக்கு என்ன நோய், என்ன சிகிச்சை என்பதே தெளிவாகத் தெரியவில்லை. கையெழுத்துப் போடும் முன் தெரிந்திருக்க வேண்டியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக எழுதுகிறேன். முடிவு உங்கள் மருத்துவருடையதும் உங்களுடையதும்தான். ஆனால் சரியான கேள்வியோடு உள்ளே போனால் பாதி பயம் போய்விடும்.

முதல் படி: கருவிழியின் அடுக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கண்ணின் முன்பக்கத்தில், கறுப்புப் பகுதிக்கு மேலே, நிறமே இல்லாமல் தெளிவாக இருக்கும் படலம்தான் கார்னியா. நம் ஊர் கண் மருத்துவமனைகளில் கருவிழி என்று சொல்வது இதைத்தான். நடுவில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டரை விடச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

அந்த அரை மில்லிமீட்டருக்குள் பல அடுக்குகள் இருக்கின்றன. மேலே ஒரு தோல் போன்ற அடுக்கு. கீறல் பட்டாலும் அது சில நாட்களில் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும். அதற்குக் கீழே ஸ்ட்ரோமா. தடிமனில் ஏறக்குறைய 90 சதவீதம் இதுதான். கருவிழியின் வளைவையும் உறுதியையும் தருவது இதுவே. உட்புறம் டெசிமெட் என்ற மிக மெல்லிய சவ்வு, அதன்மேல் ஒரே வரிசையில் எண்டோதீலியம் என்ற செல்கள். 2013இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கண் மருத்துவர் ஹர்மிந்தர் துவா, ஸ்ட்ரோமாவுக்கும் டெசிமெட்டுக்கும் இடையில் இன்னொரு மெல்லிய, உறுதியான அடுக்கு இருப்பதாக எழுதினார். அவர் பெயராலேயே துவா அடுக்கு என்கிறார்கள். அது சென்னையில் ஒரு புதிய அறுவை சிகிச்சைக்கு வழிவிட்டது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த உள்வரிசைச் செல்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்ளுங்கள். கருவிழிக்குள் ஊறும் நீரை இவை இடைவிடாமல் வெளியே இறைத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் கருவிழி தெளிவாக இருக்கிறது. பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2500 செல்கள் இருக்கும். மற்ற செல்களைப் போல இவை மறுபடி பெருகுவதில்லை. வயது ஏற ஏறக் குறையும், கண்புரை அறுவையில் கொஞ்சம் குறையும், ஃபுக்ஸ் என்ற நோய் இருந்தால் வேகமாகக் குறையும். எண்ணிக்கை சில நூறுக்குப் போய்விட்டால் இறைப்பு நின்று, நீர் கோத்து, கருவிழி வீங்கி மங்கிவிடும்.

காலையில் எழுந்ததும் பார்வை புகைமூட்டமாக இருந்து, மதியத்துக்கு மேல் கொஞ்சம் தெளிந்தால், இந்த உள்ளடுக்கைச் சந்தேகிக்கலாம். இரவு முழுக்கக் கண் மூடியிருப்பதால் மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகாமல் தங்கிவிடுகிறது. கண் திறந்தபின் மெல்லக் காய்கிறது. வயதானவர்கள் "காலையில்தான் தெரியல, அப்புறம் சரியாயிடுது" என்றால், கண்ணாடிக் கடைக்குப் போகாமல் கருவிழி மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

இரண்டாம் படி: பரிசோதனைகளைத் தவிர்க்காதீர்கள்

ஸ்லிட் லாம்ப் என்ற விளக்குக் கருவியில் பார்த்தாலே மருத்துவருக்குப் பாதி புரிந்துவிடும். அதற்குப் பிறகு எழுதிக்கொடுக்கும் ஸ்கேன்கள் வீண் செலவு அல்ல. ஸ்பெக்குலர் என்ற சோதனை உள்வரிசைச் செல்களைப் படமெடுத்து எண்ணிச் சொல்லும். பென்டகாம் போன்ற ஸ்கேன் கருவிழியின் வளைவையும் தடிமனையும் வரைபடமாகக் காட்டும். ஓசிடி ஸ்கேன் தழும்பு எவ்வளவு ஆழம் என்று காட்டும். காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் வளைவு ஸ்கேனுக்கு முன் மருத்துவர் சொல்லும் நாட்களுக்கு அதைக் கழற்றி வைக்க வேண்டும். லென்ஸ் அழுத்தி வைத்திருந்த கருவிழி, ஸ்கேனில் உண்மையான வடிவத்தைக் காட்டாது.

கண்புரை அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பு செல் எண்ணிக்கை பார்த்தார்களா என்று கேளுங்கள். குறைவு என்று முன்கூட்டியே தெரிந்தால், உள்ளடுக்கு மாற்றையும் கண்புரையையும் ஒரே அமர்வில் முடிக்க முடியும்.

மூன்றாம் படி: எந்த அடுக்குக்கு எந்தச் சிகிச்சை

மேற்பரப்பில் மட்டும் தழும்போ பரம்பரைப் படிவமோ இருந்தால், லேசரால் மேலாக வழித்தெடுக்கும் பிடிகே போதும். தையல் கிடையாது. அமிலமோ சுண்ணாம்போ பட்டு கருவிழி ஓரத்துத் தாய்ச் செல்கள் அழிந்திருந்தால் வேறு வழி. நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து மிகச் சிறிய துண்டு எடுத்து, அதைப் பல துணுக்குகளாக நறுக்கி, கெட்ட கண்ணின்மேல் பனிக்குடச் சவ்வை விரித்து, அதில் பசையால் ஒட்டி வளர விடுவார்கள். ஸ்லெட் என்ற இந்த முறையை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தில் வீரேந்திர சங்வானும் குழுவினரும் உருவாக்கி 2012இல் வெளியிட்டார்கள். முன்பு இதற்குச் செல்களை ஆய்வகத்தில் வளர்க்க வேண்டியிருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலம் வெடித்துக் குழந்தைகளின் கண்ணில் படும் விபத்து நம் நாட்டில் நடந்துகொண்டே இருக்கிறது. அப்படி நடந்தால் மருத்துவமனைக்கு ஓடும் முன்பே, அந்த இடத்திலேயே, நல்ல தண்ணீரால் கண்ணைத் திறந்துவைத்துக் கழுவிக்கொண்டே இருங்கள்.

நடு அடுக்கு பலவீனமாகி, கருவிழி கூம்பாக முன்தள்ளுவது கெரட்டோகோனஸ். இது பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல், இருபதுகளுக்குள் ஆரம்பிக்கும். பிள்ளை அடிக்கடி கண்ணைக் கசக்குவதும், சிலிண்டர் பவர் கூடிக்கொண்டே போவதும் அடையாளம். இதற்கு இப்போது முதலில் செய்வது மாற்று அறுவை அல்ல, சி-த்ரீ-ஆர். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவாகி, 2003இல் வெளியான முறை. மேல்தோலை நீக்கி, ரிபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2 சொட்டை அரைமணி நேரம் விடுவார்கள். பிறகு அளவான புறஊதா ஒளி காட்டுவார்கள். பழைய முறையில் ஒளிக்கு அரைமணி நேரம், வேகமான முறைகளில் 10 நிமிடம் வரை. ஸ்ட்ரோமாவின் கொலாஜன் இழைகளுக்கு இடையே புதுப் பிணைப்புகள் உண்டாகிக் கருவிழி இறுகும். வழக்கமான முறைக்குக் கருவிழி குறைந்தது 400 மைக்ரான், அதாவது 0.4 மில்லிமீட்டர், தடிமன் இருக்க வேண்டும். தள்ளிப்போடத் தள்ளிப்போட அது மெலிந்துகொண்டே போகும். அதனால் சீக்கிரம் செய்வது நல்லது.

சி-த்ரீ-ஆர் செய்தால் கண்ணாடி போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நோய் மேலும் வளராமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. முதல் சில வாரங்களில் பார்வை முன்பைவிடக் கொஞ்சம் மங்கலாகக்கூட இருக்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் வலியும் கண்ணீரும் நிச்சயம் உண்டு. புண் ஆறும்வரை கண்ணைக் காக்கப் பேண்டேஜ் லென்ஸ் போட்டிருப்பார்கள். பிறகு கண்ணாடியோ, ஆர்ஜிபி என்ற கெட்டியான காண்டாக்ட் லென்ஸோ, வெள்ளை விழிமேல் அமரும் பெரிய ஸ்க்ளீரல் லென்ஸோ போட்டுத்தான் நல்ல பார்வை பெற வேண்டும். கண் கசக்கும் பழக்கத்தை விடாவிட்டால் செய்தது வீண். அலர்ஜி அரிப்பு இருந்தால் அதற்குச் சேர்த்தே மருந்து கேளுங்கள்.

வளைவை ஓரளவு சீராக்க ஸ்ட்ரோமாவுக்குள் வளையத்துண்டு வைக்கும் முறையும் உண்டு. முதலில் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். தானம் வந்த கருவிழித் திசுவிலிருந்தே அந்தத் துண்டைச் செய்யும் கெய்ர்ஸ் முறையைச் சென்னையில் சூசன் ஜேக்கப் உருவாக்கி 2018இல் வெளியிட்டார்.

கூம்பு மிகவும் முற்றிவிட்டாலோ, நடு அடுக்கில் ஆழமான தழும்பு இருந்தாலோ டால்க். முன் அடுக்குகளை எடுத்துவிட்டு, நோயாளியின் சொந்த உள்ளடுக்கை அப்படியே விட்டுவிடுவார்கள். உள்ளே காற்றைச் செலுத்திக் குமிழ் உண்டாக்கி அடுக்குகளைப் பிரிக்கும் பிக் பபிள் உத்தியை முகமது அன்வர் 2002இல் எழுதிய பிறகு இது பரவியது. இறைக்கும் செல்கள் உங்களுடையவையே என்பதால், அந்தச் செல்களை உடல் நிராகரிக்கும் ஆபத்து இல்லை. ஆனால் தையல் உண்டு, ஒரு வருடத்துக்கு மேல்கூட இருக்கலாம். உள்சவ்வு கிழிந்துவிட்டால் மேசையிலேயே முழுமாற்றாக மாற்ற வேண்டிவரும். ஒப்புதல் படிவத்தில் அது எழுதியிருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

உள்ளடுக்கு மாற்று: சற்று விரிவாக

கருவிழி மாற்று அறுவை முதலில் வெற்றி பெற்றது 1905இல், இன்று செக் குடியரசில் இருக்கும் ஓலமோட்ஸ் நகரில், எடுவார்ட் சிர்ம் என்ற மருத்துவர் கையில். இந்தியாவில் முதலில் செய்தவர் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா, 1948இல், சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில். அவை எல்லாம் முழுத்தடிமன் மாற்று. கருவிழியின் நடுவை வட்டமாக வெட்டியெடுத்து, தானம் வந்ததை வைத்துச் சுற்றிலும் பெரும்பாலும் 16 தையல் போடுவார்கள். பார்வை நிலைக்க ஒரு வருடம் ஆகும். வெட்டிய இடம் ஆயுள் முழுக்கப் பலவீனம்தான், பந்தோ முழங்கையோ வேகமாகப் பட்டால் திறந்துகொள்ளலாம்.

கெட்டது உள்ளே இருக்கும் ஒரே ஒரு செல் வரிசை, அதற்காக முழுத்தடிமனையும் வெட்டுவானேன் என்ற கேள்விக்கு வழி கண்டவர் நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் கெரிட் மெலஸ். 1998இல் பின்னடுக்கை மட்டும் மாற்றும் முறையை வெளியிட்டார். அது வளர்ந்து டீசெக் ஆனது. பிறகு 2006இல் டெசிமெட் சவ்வையும் செல்களையும் மட்டும் மாற்றும் டீமெக்.

டீசெக்கில் உள்ளடுக்கோடு கொஞ்சம் ஸ்ட்ரோமாவும் வரும், சுமார் 100 மைக்ரான். டீமெக்கில் வைப்பது 15 மைக்ரான் அளவுதான். 3 மில்லிமீட்டர் அளவுத் துளை வழியாக, சுருட்டிய பாய் போலச் சுருண்ட சவ்வை உள்ளே செலுத்தி, கண்ணுக்குள்ளேயே விரித்து, கீழிருந்து காற்றையோ எஸ்எஃப்6 வாயுவையோ குமிழாக விட்டு ஒட்டவைப்பார்கள். கருவிழியில் வட்டத் தையல் எதுவும் வராது. அதனால் பார்வை சீக்கிரம் தெளிகிறது, பலருக்கு ஒன்றிரண்டு மாதங்களிலேயே. நிராகரிப்பும் மிகக் குறைவு. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிரான்சிஸ் பிரைஸ் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வருடத்துக்குள் நிராகரிப்பு வரும் வாய்ப்பு முழுமாற்றில் 18 சதவீதம், டீசெக்கில் 12, டீமெக்கில் 1.

அப்படியானால் எல்லோருக்கும் டீமெக்தானே? இல்லை. ஏற்கெனவே கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்குக் குழாய் வைத்த கண், விழித்திரை அறுவையில் உள்ஜெல் எடுத்த கண், கருவிழி மிகவும் மங்கி உள்ளே எதுவும் தெரியாத கண் ஆகியவற்றில் மெல்லிய சவ்வை விரிப்பது கடினம். அங்கே டீசெக்தான் பாதுகாப்பு. "டீசெக் பழையது, எங்களுக்கு டீமெக்தான் வேணும்" என்று அடம்பிடிக்காதீர்கள். ஏன் இது என்று கேளுங்கள், மருத்துவர் காரணம் சொல்வார்.

சென்னைக்கு இதில் ஒரு பங்கு உண்டு. அமர் அகர்வாலும் ஹர்மிந்தர் துவாவும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட பீடெக் முறையில், டெசிமெட் சவ்வோடு துவா அடுக்கும் சேர்ந்து வரும். இளம் வயதினரின் டெசிமெட் சவ்வு இறுகச் சுருண்டுகொள்ளும், விரிக்க முடியாது. அதனால் டீமெக்குக்கு வயதானவர்களின் தானத்தையே தேடுவார்கள். துவா அடுக்கு சேரும்போது சவ்வுக்கு விறைப்பு வருவதால், குழந்தைகள் தானம் தந்த கருவிழியைக்கூடப் பயன்படுத்த முடிகிறது.

ஃபுக்ஸ் நோயில் நடுப்பகுதி மட்டும் கெட்டு, ஓரத்தில் நல்ல செல்கள் இருந்தால், கெட்ட சவ்வை மட்டும் உரித்துவிட்டு எதுவும் வைக்காமல் விடுவதும் உண்டு. ஓரத்துச் செல்கள் நகர்ந்து வந்து மூடும். தெளிய வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். எல்லோருக்கும் பொருந்தாது. ஜப்பானின் கியோட்டோவில் ஷிகெரு கினோஷிதா குழு, ஆய்வகத்தில் வளர்த்த செல்களை ஊசியால் செலுத்தி 11 பேருக்குச் சிகிச்சை செய்ததை 2018இல் வெளியிட்டது. ஒரு தானத்திலிருந்து பலருக்குக் கொடுக்க முடியும் என்பதால், தானத்துக்குப் பற்றாக்குறை இருக்கும் நம் நாடுதான் இதை ஆவலோடு கவனிக்க வேண்டும்.

முழுமாற்று இன்னும் தேவைப்படும் இடங்களும் உண்டு: எல்லா அடுக்கிலும் தழும்பு, ஓட்டை விழுந்த புண், மருந்துக்கு அடங்காத கிருமி. நெல் உமியோ இலையோ பட்டுக் கண்ணில் பூஞ்சைப் புண் வருவது விவசாயக் குடும்பங்களில் சாதாரணம். அப்போது தாய்ப்பால், விளக்கெண்ணெய், மருந்துக்கடைக்காரர் தரும் ஏதோ ஒரு சொட்டு எதுவும் வேண்டாம். அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சை இன்னும் வேகமாகப் பரவும்.

நான்காம் படி: மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

எந்த அடுக்கு கெட்டிருக்கிறது? அதை மட்டும் மாற்ற முடியுமா, முடியாது என்றால் ஏன்? இந்த அறுவையை இங்கே அடிக்கடி செய்கிறீர்களா? சவ்வு ஒட்டாவிட்டால் என்ன செய்வீர்கள்? கண்ணில் வேறு கோளாறு, கிளாக்கோமாவோ சர்க்கரையால் விழித்திரைப் பாதிப்போ, இருக்கிறதா? கருவிழி தெளிந்தாலும் பின்னால் நரம்பு கெட்டிருந்தால் பார்வை வராது, அதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. பணம், காப்பீட்டுத் திட்டம் பற்றியெல்லாம் மருத்துவமனை ஆலோசகரிடம் தனியாகக் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சவ்வு ஒட்டாமல் மறுபடி காற்று விட நேர்ந்தால் அதற்கும், வருடக்கணக்கில் வாங்கும் சொட்டு மருந்துக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஐந்தாம் படி: அழைப்புக்குக் காத்திருத்தல்

கருவிழி கடையில் வாங்கும் பொருள் அல்ல. கண் வங்கிக்கு வந்த திசுவைச் சோதித்து, தகுதி உள்ளதைத்தான் தருவார்கள். சேமிக்கும் திரவத்தைப் பொறுத்து நான்கு நாள் முதல் இரண்டு வாரம் வரைதான் தாங்கும். எனவே திடீரென்று "நாளைக்கு வாங்க" என்று போன் வரும். பையைத் தயாராக வையுங்கள். துணைக்கு யார் என்று முன்பே முடிவு செய்யுங்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் வந்த திசு அடுத்தவருக்குப் போய்விடும்.

வீட்டில் மரணம் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண்களைத் தானம் தரலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணாடி போட்டவர், கண்புரை அறுவை செய்தவர், சர்க்கரை நோயாளி எல்லோரும் தரலாம். இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கண் வங்கிக்குச் சொல்லுங்கள். நல்ல திசுவாக இருந்தால் ஒரே கருவிழியின் முன்பக்கம் ஒருவருக்கு டால்க்குக்கும், உள்பக்கம் இன்னொருவருக்கு டீமெக்குக்கும் போகலாம்.

ஆறாம் படி: மல்லாந்து படுத்திருக்கும் நாட்கள்

டீமெக், டீசெக், பீடெக் மூன்றிலும் அறுவைக்குப் பிந்தைய முதல் வேலை நோயாளியுடையது. குமிழ் மேலே மிதக்கும். முகம் விட்டத்தைப் பார்த்திருந்தால்தான் அது சவ்வைக் கருவிழியோடு அழுத்திப் பிடிக்கும். முதல் ஒன்றிரண்டு நாள், மருத்துவமனை சொல்லும் கணக்குப்படி, சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் மட்டும் எழுந்து மற்ற நேரம் மல்லாந்து படுக்க வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் இதை முன்பே சொல்லுங்கள். சித்திக்கு நாங்கள் அறுவைக்கு முந்தைய வாரத்திலிருந்தே தலையணை இல்லாமல் படுத்துப் பழகச் செய்தோம், அது பெரிய உதவி. கழுத்துக்கடியில் சிறிய துண்டுச் சுருள், ஸ்ட்ரா போட்ட தம்ளர், காதில் கேட்க வானொலி இருந்தால் நேரம் போகும்.

குமிழ் கண்ணில் இருக்கும்வரை விமானம் கூடாது, ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஏறுவதும் கூடாது. உயரம் கூடக்கூட உள்ளே உள்ள வாயு விரிந்து கண் அழுத்தம் ஏறும். சொந்த ஊர் மலையில் என்றால், குமிழ் கரையும்வரை கீழே தங்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இந்த இடைவெளியில் வேறு எதற்காவது மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

அறுவை நடந்த அன்று இரவு கண்ணில் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குமிழ் கண்மணியை அடைத்து அழுத்தம் ஏறியிருக்கலாம். உடனே போனால் சில நிமிடங்களில் சரிசெய்வார்கள், தாமதித்தால் நரம்பு கெடும்.

சில நாள் கழித்து, ஓரத்தில் சவ்வு பிரிந்திருக்கிறது, மறுபடி காற்று விடணும் என்று சொல்லலாம். இது சிகிச்சையின் ஒரு பகுதிதான். தோற்றுவிட்டது என்று மனம் உடைய வேண்டாம்.

ஏழாம் படி: சொட்டு மருந்தும் நான்கு எச்சரிக்கைகளும்

வீட்டுக்கு வந்தபின் ஸ்டீராய்டு சொட்டுதான் மாற்றுத் திசுவைக் காப்பாற்றுகிறது. முதலில் அடிக்கடி, பிறகு மெல்லக் குறைத்து, பலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் தொடரும். "இப்ப நல்லா தெரியுதே" என்று நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து மங்கலோடு திரும்பி வருபவர்கள் உண்டு. அதே ஸ்டீராய்டு சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றும். வலி இல்லாமலே ஏறும் என்பதால், மறுபரிசோதனைக்குச் சொன்ன தேதியில் போக வேண்டும்.

சிவப்பு, வெளிச்சத்தில் கூச்சம், மங்கல், வலி. இந்த நான்கில் ஒன்று வந்து ஒரு நாளைத் தாண்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நிராகரிப்பைத் தொடக்கத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் மருந்தாலேயே அடக்கிவிடலாம். அறுவை முடிந்து பல வருடம் ஆன பிறகும் இந்த விதி பொருந்தும்.

டால்க், முழுமாற்று செய்துகொண்டவர்களுக்குத் தையல் தளர்ந்து கண்ணை உறுத்தினால், அது கிருமிக்கு வாசல். மணல் விழுந்தது போல உறுத்தல் என்றாலும் போய்க் காட்டுங்கள். வயல் வேலை, பட்டறை வேலை, கிரிக்கெட் எதுவானாலும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கடைசியாக, ஒரு கோப்பு போடுங்கள். அறுவையின் பெயரும் தேதியும், திசு எந்தக் கண் வங்கியிலிருந்து வந்தது, அப்போதைய செல் எண்ணிக்கை, ஒவ்வொரு முறையும் எடுத்த கண் அழுத்தம், இப்போது விடும் சொட்டுகள், எல்லாவற்றையும் அதில் வையுங்கள். மற்ற கண்ணின் ஸ்கேனும் அதிலேயே இருக்கட்டும். ஃபுக்ஸும் கெரட்டோகோனஸும் பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வருபவை. இரண்டும் குடும்பத்தில் தொடரலாம் என்பதால், கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை கருவிழிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.